இன்னும் மூன்று தண்ணீர்

பாவா,

இன்று காலை நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்துவிட்டேன். உங்கள் வீட்டுக் கொல்லையில், அண்டாவின் முன்னால், முழங்கை வரை கறுத்த கையோடு நீங்கள் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது.

அப்போது யுத்த காலம். கூப்பன் இல்லாமல் துணி கிடையாது. கோட்டுத் துணி கூப்பனுக்கும் கிடைக்காது. தாலுகா கச்சேரியில் பியூனாக இருந்த உங்கள் சட்டை மட்டும் எப்போதும் நேற்று வாங்கியதுபோல இருக்கும். புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்துவீர்கள். அக்காவின் புடவையையும் நீங்களே துவைப்பீர்கள். பெண்டாட்டி புடவையைத் துவைக்கிறவர் என்று தெருவே கேலி செய்தது. பி.ஏ. படித்த நானும் உள்ளுக்குள் சிரித்தவன்தான்.

அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் வேலைக்கு என்னை இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் ஆசிரியர்களாகச் சேர்ந்த இரண்டு பேர் அதற்குள் தலைமை ஆசிரியர்களாகியிருந்தார்கள். யார் சிபாரிசில் ஆனார்கள் என்பது எனக்குத் தெரியும், இன்றுவரை மறக்கவில்லை. என் ஒரே கறுப்புக் கோட்டு வெளுத்துச் செம்பட்டையாகியிருந்தது. நான் கேட்காமலே அதை வாங்கிக்கொண்டீர்கள். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் பதினைந்து நாள் புளிக்கவைத்தீர்கள். கடுக்காய்க் கஷாயத்தில் தோய்த்த கோட்டை அந்த ஆணித் தண்ணீரில் இறக்கியபோது, அது என் கண்ணெதிரே கறுத்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு முறை அலசிக் கொடியில் போட்டிருந்தீர்கள். மலைக்கோயிலுக்குப் போக அக்கா உள்ளே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மூணு தண்ணி கீது வாத்தியாரே. அலசற தண்ணி தெளியற வரைக்கும் கோட்டத் தொடாத," என்று சொல்லிவிட்டு அவளோடு போனீர்கள்.

நான் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் அலசினால் இதுவும் போய்விடுமோ என்று பயம். நீங்கள் இறங்கி வருவதற்குள் கோட்டை எடுத்துப் போய் இஸ்திரி போட்டு, மாலை ரயிலிலேயே அரக்கோணம் போய்விட்டேன்.

மறுநாள் அந்த அறையில் ஒரே புழுக்கம். வியர்வையில் சாயம் இளகி, சட்டைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வழிந்தது. துடைக்கத் துடைக்க முகத்திலும் ஏறியது. கமிட்டியில் ஒருவர், "மைக்கூட்டக் கவுத்துகினு வந்துட்டீங்களா சார்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

நேரே உங்கள் வீட்டுக்கு வந்து கோட்டைத் தரையில் எறிந்தேன். உன் புருஷன் என்னைக் கெடுத்துவிட்டான் என்று அக்காவிடம் கத்தினேன். நீங்கள் குனிந்து கோட்டை எடுத்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். இரண்டு தண்ணீர்தான் ஆகியிருந்தது என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"ஆங், சாயம் சரியாப் பிடிக்கல. என் தப்புதான்," என்றீர்கள்.

நான்கு வருஷம் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. உங்களை மன்னிக்க முடியாது என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஏறக்குறைய நானே நம்பிவிட்டேன். கடைசியில் உங்கள் சாவுக்குத்தான் வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"உன் பொழப்பக் கெடுத்துட்டாருன்னு பத்து நாள் அவரோட பேசாம இருந்தேன்டா. ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன்."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறுதோறும் போகிறேன். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறேன். உங்களுக்குப் பத்து நாள், பாவா. எனக்கு இது ஆறாவது வாரம். அடுத்த ஞாயிறும் போவேன்.