எட்டு வராத வண்டி

மாமா,

இன்று கள்ளக்குறிச்சியில், பழைய வண்டி விற்கிற இடத்தில், ஒரு பெரிய வண்டிக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். தூசி சூடாகிற வாடையோடு குப்பென்று வெப்பம் முகத்தில் அடித்தது. உடனே உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதல் வண்டி வாங்கியபோது உங்கள் பேத்தி பாப்பா கைக்குழந்தை. கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை, குடியிருப்பும் மலையிலேயே. அவளுக்கு அடிக்கடி இளைப்பு வரும். "பனியில பைக்ல தூக்கினு வராதீங்க" என்று டாக்டரம்மா திட்டிய பிறகுதான் வண்டி பார்க்கக் கிளம்பினோம். பெண் கொடுத்த உரிமையில் வடக்கனந்தலிலிருந்து நீங்களும் வந்து சேர்ந்தீர்கள்.

எனக்கு அந்த வெள்ளை வண்டி பிடித்திருந்தது. டயர், ஹீட்டர், ஏசி எல்லாம் நன்றாக இருந்தன. நீங்கள் வண்டியைப் பார்க்கவே இல்லை. நம்பர் பலகைக்கு முன்னால் குந்தி, விரல்விட்டுக் கூட்டினீர்கள்.

"எட்டு வருது மாப்ள. கொயந்த போற வண்டி, வாணாம்."

பக்கத்தில் நின்ற பழுப்பு வண்டிக்கு ஆறு வந்தது. அதில் ஹீட்டர் போட்டாலும் ஏசி போட்டாலும் காற்றே ஊதவில்லை என்றேன்.

"குளுருல எவனாவது ஏசி போட்டுக்கினு போவானா? இன்னா மாப்ள நீங்க!"

விற்கிறவனும் சேர்ந்து சிரித்தான். என் பேச்சு எடுபடவில்லை, பழுப்பு வண்டியையே வாங்கினோம்.

மார்கழியில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் பாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. விடியற்காலையில் அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கினோம். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஆவி படிந்து ரோடு மறைந்தது. இறக்கினால் பனிக்காற்று பிள்ளையின் நெஞ்சில் அடித்தது. ஒரு வளைவில் சக்கரம் ஓரக் கல்லில் இடித்து நின்றது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கண்ணாடி துடைக்க என்னிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு இறங்கினீர்கள்.

"வெளிச்சத்தப் பாத்துக்கினு பின்னாலயே வாங்க மாப்ள. பாப்பாவுக்குக் காத்து பட வாணாம்."

அடிவாரம் வரைக்கும் வெறுந்தலையோடு நடந்தீர்கள், அந்த வயதில், அந்தப் பனியில். பாப்பா தேறிவிட்டாள். நெஞ்சில் சளி கட்டி அதே ஆஸ்பத்திரியில் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. எட்டுக்குப் பயந்த மனுஷன் பனிக்கும் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா?

துக்கத்துக்கு வந்தவர்கள், "பேத்திக்காக உசுர வுட்டாரு" என்று பெருமையாகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேத்திக்காக இல்லை மாமா, ஒரு நம்பருக்காகப் போனீர்கள்.

இன்றும் பலகையைப் பார்த்ததும் என் வாய் தானாகக் கூட்டியது. எட்டு. உங்கள் மகளும் கூட்டியிருப்பாள் போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது. பிறகு முன்கண்ணாடியைக் கையால் காட்டினாள்.

"எட்டா இருந்தா இருந்துட்டுப் போவுது. கண்ணாடி தெளியுதா பாருங்க."

ஓட்டிப் பார்க்க மலைக்கே கொண்டுபோனோம். பின் சீட்டில் பாப்பா தூங்கிவிட்டாள். வெளியே பனி இறங்கத் தொடங்கியும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இந்த வண்டியையே எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஆனாலும் வளைவுக்கு வளைவு என் கால் பிரேக்குக்குப் போகிறது மாமா, முன்னால் நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள் என்று.