ஆபரேட்டர் தூங்குகிறார்

8 மார்ச் 1982, திங்கள்

மாறுதல் மனு மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் நீல மையில் ஒரே வரி: "பதில் ஆள் இல்லை." போன வருஷமும் இதே வரிதான், அப்போது கறுப்பு மை.

பதில் ஆள் வராமலா இருந்தார்கள்? இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் ஒன்பது நாள் இருந்தார், இன்னொருத்தி நாலு நாள். இந்த ஊசிமேட்டில் நாற்பத்தாறு டெலிபோன். யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. கைப்பிடியைச் சுற்றுவார்கள், என் போர்டில் அவர்கள் நம்பரின் சின்ன மூடி, ஷட்டர், விழும், நான் "நம்பர் ப்ளீஸ்" என்பேன். "டாக்டரைக் குடும்மா" என்பார்கள். டாக்டர் வீட்டில் இருக்கிறாரா, டிஸ்பென்சரியிலா, புதன்கிழமை ஆனதால் எஸ்டேட் கிளப்பில் சீட்டாடுகிறாரா என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் பாவம், எங்கே போவார்கள்? திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

பதினோரு வருஷம் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். அதற்குப் பரிசு இந்த நாற்காலி.

14 மார்ச், ஞாயிறு

பத்து மணிக்குப் பழனியிலிருந்து லெட்சுமி. ஞாயிறுதோறும் மூன்று நிமிஷம். அவள் அப்பாவுக்குப் பழனி ரயில்வே ஸ்டேஷனில் வேலை; அவர்தான் எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பார்.

"அம்மா, நீ எப்பவும் மொதல்ல நம்பர் ப்ளீஸ்னுதான் சொல்லுற" என்றாள். சிரித்தேன். வேறென்ன செய்ய?

மூன்று வயதில் இந்தக் குளிரில் அவளுக்கு இளைப்பு வந்தது. பரமானந்தம் டாக்டர்தான், "கீழ அனுப்பிருங்கம்மா, இங்க தாங்காது" என்றார். அவள் அப்பாவின் அக்கா, சின்னத்தாய் மதினி, வளர்க்கிறார்கள். இப்போது வயது பத்து.

இரண்டாவது நிமிஷத்தில் பக்கத்தில் திரும்பி யாரிடமோ சொன்னாள்: "இரும்மா, போன் பேசிக்கிட்டு இருக்கேன்ல." யாரை? கூட வந்திருந்த மதினியைத்தான். தான் அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் பதினேழாம் நம்பர் ஷட்டர் விழுந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

5 ஏப்ரல், திங்கள்

லாரியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச். கூடவே ஜே.ஈ., ஜூனியர் இன்ஜினீயர் சேனாதிபதி, கம்பளித் தொப்பியும் தடிமனுமாக.

"இனிமே டயலைச் சுத்துனா அதுவாப் போயிரும்மா. ஆபரேட்டருக்குச் சோலி இல்ல" என்றார், துக்கம் விசாரிப்பது மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, போர்டு போகுதுங்கிறேன். சிரிக்கிறீங்க?"

போர்டு போனால் நான் உபரி. உபரி ஆளைக் காலியிடம் இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. பழனி போர்டில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறதாம். கேட்டதும் அவருக்கு இரண்டு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

22 ஏப்ரல், வியாழன்

மெக்கானிக் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலையேறுவார். ஆகவே உள்ளூரில் ஒருத்தருக்கு மிஷின் தெரிந்திருக்க வேண்டுமாம். "நீங்க கத்துக்கிட்டா வெரசா முடிச்சுரலாம்" என்றார் சேனாதிபதி. வெரசா என்ற சொல்லுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

டயலில் மூன்றைச் சுற்றினால் மூன்று துடிப்பு. மிஷினுக்குள் செலக்டர் என்ற கை மூன்று படி ஏறும், அடுத்த எண்ணுக்குப் பக்கவாட்டில் திரும்பும். டக் டக் டக். ஒரு வாரத்தில் சத்தத்தை வைத்தே என்ன நம்பர் என்று சொல்லிவிட்டேன். சேனாதிபதி அசந்துபோனார்.

நான் எதற்கு அசத்துகிறேன்? போன தடவை அசத்தி என்ன கிடைத்தது?

9 மே, ஞாயிறு

பட்டியல். இடது பக்கம் பழைய நம்பர், வலது பக்கம் புது மூன்றிலக்க நம்பர், நடுவில் பெயர். ஒன்பது 219 ஆகிறது, டாக்டர் வீடு. பதினேழு 227, எஸ்டேட் ஆபீஸ். அதோடு தலைக்குள் இருந்ததையும் எழுதினேன். புதன் மாலை டாக்டர் கிளப்பில், 231. ஃபாதர் கோவிலில் இல்லையென்றால் 240, அங்கேதான் டிபன். முப்பத்தெட்டாம் நம்பர்க்காரருக்கு வலது காது கேட்காது, மணி நெடுநேரம் அடிக்கட்டும்.

எழுத எழுத தலை காலியாகிற மாதிரி இருந்தது. நல்லாத்தான் இருந்தது.

லெட்சுமி இன்று கூப்பிடவில்லை. திருவிழாவுக்குப் போயிருக்கலாம்.

12 ஜூன், சனி

எல்லா லைனும் இப்போது இரண்டு இடத்திலும் கட்டியிருக்கிறது, பழைய போர்டிலும் புது மிஷினிலும். புது மிஷின் பக்கம் ஒவ்வொரு லைனிலும் சின்ன மரக்குச்சி செருகி, குச்சிகளை வரிசையாக நூலில் கோத்திருக்கிறோம். குச்சி இருக்கும்வரை அந்தப் பக்கம் உயிர் கிடையாது. நாளை பழைய கேபிளை வெட்டியதும் நூலை இழுக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டே நின்றேன். என்னையும் இரண்டு ஊரில் கட்டி, பழனிப் பக்கம் குச்சி செருகி ஏழு வருஷம் ஆகிறது.

13 ஜூன், ஞாயிறு

மதியம் இரண்டு மணி. சேனாதிபதி கேபிளை வெட்டினார், நான் நூலை இழுத்தேன். குச்சிகள் பொலபொலவென்று தரையில் விழுந்தன. அவ்வளவுதான். போர்டு செத்துப்போய்க் கிடந்தது.

பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு லைனில் யாரோ ரிசீவரை எடுத்தார்கள், டயல் பண்ணவில்லை. டெஸ்ட் போனை வைத்துக் கேட்டேன். டயல் டோனிடம் பேசிக்கொண்டிருக்கிறார் டாக்டர். "சிவபாக்கியம்... ஏம்மா, சிவபாக்கியம்... என்னம்மா உர்ருங்குற?"

சேனாதிபதி தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும்தான். ராத்திரி படுக்கும்போது ஏனோ அழுகை வந்தது.

18 ஜூன், வெள்ளி

வீடு வீடாக நடக்கிறேன். டயலில் விரலை விட்டு முட்டும்வரை இழுங்கள், பிறகு விட்டுவிடுங்கள், திரும்பும்போது பிடித்துத் தள்ளாதீர்கள். எஸ்டேட் ரைட்டர் காசிநாதன் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கிறார். "அது மெதுவாப் போகுதுங்க, நமக்குப் பொறுமை கெடையாது" என்கிறார். அவர் கூப்பிடுவதெல்லாம் ஃபாதருக்குப் போகிறது.

மாறுதல் உத்தரவுக்கு இன்னும் இரண்டு வாரம். பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

2 ஜூலை, வெள்ளி

மாறுதல் இல்லை.

"பொதுமக்கள் புதிய முறைக்குப் பழகும்வரை ஆபரேட்டர் நம்பர் விசாரணைப் பணியில் ஊசிமேட்டிலேயே நீடிப்பார்." எவ்வளவு காலம் என்று இல்லை. கூட ஒரு நகல் இணைத்திருந்தார்கள்: பொதுமக்கள் மனு. "அன்பும் திறமையும் மிக்க சகோதரி சிவபாக்கியம் அவர்களை எங்களிடமிருந்து பிரிக்க வேண்டாம். புதிய இயந்திரத்தையும் இவரே நன்கு அறிவார்." நாற்பத்தாறு கையெழுத்து. ஃபாதர், காசிநாதன், எல்லாரும். முதல் கையெழுத்து பரமானந்தம் டாக்டர்.

என்னைக் கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா யாராவது? ரெண்டு வாரமா வீட்டுக்கு வீடு வந்து காபி குடிச்சிட்டுப் போனேனே, ஒருத்தர் வாயைத் தொறக்கலையே! பாசமாம். இந்தப் பாசத்தை வச்சு நான் என்ன செய்ய...

4 ஜூலை, ஞாயிறு

219 சுற்றினேன். டாக்டரே எடுத்தார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார் போல. "நாங்க விட்ருவமா உன்னை?" என்றார்.

"எம்பிள்ளைய நீங்கதான கீழ அனுப்பச் சொன்னீங்க" என்றேன். "ஏழு வருசம் ஆச்சுங்க டாக்டர். அது எங்க மதினிய அம்மாங்குது."

மெதுவாக, "நான் அதை யோசிக்கலம்மா" என்றார். பாவம், அவருக்கு எழுபது வயது. எனக்குக் கோபம் தீரவில்லை.

7 ஜூலை, புதன்

சீட்டாட்டத்துக்குப் போகாமல் டாக்டர் இங்கே வந்தார். நல்ல மனு எழுதினால் நிறுத்தி வைக்கிறார்கள், கெட்ட மனு எழுதினால் என்றார். சேனாதிபதியிடம் பேசிவிட்டாராம். புகார் வந்தால் ஒரு மாதத்தில் மாற்றிவிடுவார்களாம், காலியிடம் பழனியில்தான் இருக்கிறதாம். ஆனால் சர்வீஸ் புக்கில் சிவப்பு மை விழும். அதை யாராலும் அழிக்க முடியாது.

எழுதியதை வாசித்தார். "மரியாதையின்றிப் பேசுகிறார். பிறர் பேச்சை ஒட்டுக் கேட்கிறார். பணி நேரத்தில் தூங்குகிறார்."

"ஒட்டுக் கேக்குறது நெசந்தான்" என்றேன். "தூங்குறேன்னு மட்டும் எழுதாதீங்க."

"தூங்குறதுக்குத்தாம்மா வெரசா மாத்துவாங்க."

பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கண் அயர்ந்தது கிடையாது. காய்ச்சலில்கூட. அந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

9 ஜூலை, வெள்ளி

எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

17 ஜூலை, சனி

நாற்பத்தாறு பேரும் போட்டுவிட்டார்கள். ஃபாதர் மட்டும் இரண்டு நாள் யோசித்தாராம், பொய்யாயிற்றே என்று. கடைசியில் "மரியாதையின்றி" என்பதற்கு மட்டும் என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ஒரு தடவை அவர் ஜெபத்துக்கு நடுவே லைனைக் கொடுத்துவிட்டேன், அதை நினைவில் வைத்திருக்கிறார்.

11 ஆகஸ்ட், புதன்

விசாரணை. கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். பழைய டிரங்க் சீட்டுகளையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிப் புரட்டினார். மதியம்வரை புரட்டினார்.

"ஒரு கால்கூட லேட் ஆகலையேம்மா. நீங்க எப்பத்தான் தூங்குனீங்க?"

சொல்ல ஒரு தேதி கிடைக்கவில்லை. "எல்லா நாளும்னு எழுதிக்கங்க சார்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

26 ஆகஸ்ட், வியாழன்

உத்தரவு வந்தது. பழனி. சிவப்பு மை.

பட்டியலைக் கார்பன் வைத்து நாற்பத்தாறு பிரதி எழுதி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். காசிநாதன் இன்றைக்கும் டயலைத் தள்ளுகிறார்.

5 செப்டம்பர், ஞாயிறு – பழனி

வந்து ஐந்து நாள். லெட்சுமி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "சாப்பிடுறீங்களா" என்கிறாள், விருந்தாளியிடம் பேசுவது மாதிரி. மதினியைத்தான் அம்மா என்கிறாள். மதினி சங்கடப்பட்டு அவளை அதட்டுகிறார்கள். அதட்ட வேண்டாம் என்றேன். பாத்திரம் கழுவினேன்.

கேபிளை வெட்டி நூலை இழுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டேனோ?

11 செப்டம்பர், சனி

போர்டில் ஊசிமேடு டிரங்க் லைன். "நம்பர் ப்ளீஸ்" என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு. டாக்டர்.

"என்னம்மா, அங்கயாச்சும் தூங்குறியா? இல்ல இன்னொரு புகார் எழுதட்டா?"

"நம்பரைச் சொல்லுங்க டாக்டர், லைன் காத்துக் கெடக்கு" என்றேன். மரியாதையில்லாமல்தான் சொன்னேன்.

12 செப்டம்பர், ஞாயிறு

ராத்திரி டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, முன் அறையில் பாயை விரித்துப் படுத்தேன். கண் சொருகிய நேரத்தில் அடுப்படியில் மதினி தேங்காய் உடைக்கும் சத்தம். விழித்துவிட்டேன். கண்ணைத் திறக்குமுன் லெட்சுமியின் குரல் கேட்டது, அடங்கிய குரலில்:

"அத்தை, சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குறாங்க."

நான் கண்ணைத் திறக்கவில்லை. நாலு மணிவரை அப்படியே படுத்துக் கிடந்தேன்.