உங்கள் செருமல்

மச்சானுக்கு,

"நாலு மாசமாச்சு, புள்ள இன்னும் சிரிக்கல, மந்தம்தான்" என்று சொல்லிவிட்டு, கீழே மேட்டுப்பாளையத்தில் உங்கள் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"சில புள்ளைங்க லேட்டாத்தான் சிரிக்குமுங்க. மொகத்த மூடி மூடிக் காட்டுங்க" என்றார் தடுப்பூசி போட்ட நர்ஸ்.

ஊட்டிக் குளிருக்கு நீங்கள் போடும் குரங்குக் குல்லா ஆணியில் தொங்கியது. அதை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டேன். ஸ்வெட்டர் கடையில் பொய் விலை சொல்லும்முன் செருமுவீர்களே, அதேபோல் "க்கும்" என்று செருமிக் குல்லாவைத் தூக்கினேன். உங்கள் மகள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் பழக்குகிறேன். இப்போது குல்லா வேண்டாம், செருமலே போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத்தார் முன்னால் எங்களை வேண்டாமென்று சொல்ல வருகிறீர்களாம். அவசியம் வாருங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவளை மந்தம் என்று சொல்ல வாயெடுக்கும்முன் எப்படியும் ஒருமுறை செருமுவீர்கள்.

மீதியை என் மகள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா