அந்த ஜன்னலோர மேஜையை விட்டுக்கொடுப்பதாக இல்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அத்தான் எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் சண்டையை முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் கடிதம் முழுக்க அது தொண்டையிலேயே நிற்கும்.

உன் செய்தி வந்தது. "அத்தான், அக்கா புக் பண்ணின அந்த ஜன்னலோர டேபிள் சும்மா வீணாத்தானே போகும்? எங்க மேனேஜர் வீட்டம்மாவ அங்க கூட்டிட்டுப் போகணும்னு ரொம்ப நாளா அலையறார். குடுத்தீங்கன்னா எனக்கும் ஒரு நல்ல பேரு" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். அப்போதும் அதையேதான் எழுதியிருந்தாய்.

உன் மேனேஜர் அலைகிறாராம். அலையட்டும். காலும் இருக்கிறது, கூட வர வீட்டம்மாவும் இருக்கிறார். அந்த அம்மாவை ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தாலும் மேனேஜருக்கு அது விருந்துதான். அவருக்கு எதற்கு இந்த மேஜை?

நீ இருக்கும் ஊருக்கு வரலாம் என்று நாங்கள் முடிவெடுத்ததும், சாப்பாட்டுக் கடைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா என்று உன் அக்கா முதலில் உன்னிடம்தான் கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "இது என்ன ஆஸ்பத்திரியா, டோக்கன் எடுத்துட்டுப் போக? தெருவுக்கு நாலு கடை இருக்கு. பசிச்சா உள்ள நுழைய வேண்டியதுதான்." நல்ல யோசனை. கல்யாணமான புதிதில் வேறொரு ஊருக்குப் போனபோதும் இதே யோசனையைத்தான் சொல்லி அனுப்பினாய். நுழைந்த கடையிலெல்லாம் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கடைசியில் ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பிஸ்கட் தின்றோம். உன் அக்கா விக்கல் எடுக்கும் வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "இனிமே என் தம்பி பேச்சக் கேட்டா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள்.

அதனால் இந்த முறை அவளே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இந்த மேஜை இருக்கும் கடையில் மாதப் பிறப்பன்று காலையில்தான் பதிவைத் திறப்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே போனைக் குத்திக்கொண்டிருந்தாள். கிடைத்தவுடன் நுரையோடு என்னவோ கத்தினாள், ஒரு வார்த்தை புரியவில்லை. வேலைக்குக் கிளம்பி நின்ற என் சட்டையெல்லாம் பற்பசை. அந்தச் சட்டையோடுதான் போய் அன்றைக்கு முழுக்க ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட்டை ஏற்றி இறக்கிச் சோதித்தேன். கூட இருந்தவர்கள் "என்ன சார், வீட்ல வெள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அந்த மேஜையைத்தான் நீ வீண் என்கிறாய்.

இன்னொரு கூத்தையும் கேள். போன வாரம் அந்தக் கடைக்கு நானே போன் போட்டு, இரண்டு பேர் என்று பதிவாகியிருக்கிறது, ஒருவர்தான் வருவார் என்றேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே மேஜைக்கு ஒரு சட்டியாம். ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்களாம். இரண்டு பேருக்குக் குறைந்து சமைக்கும் பழக்கமே இல்லையாம். இரண்டு பேருக்கான காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். காசு பிரச்சினை இல்லையாம், எதிர் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டுமாம். எட்டுப் பேர் போகிற லிஃப்ட் ஒற்றை ஆளையும் தூக்கிக்கொண்டு போகிறது, ஆளே இல்லாமலும் போகிறது, உங்கள் சட்டிக்கு மட்டும் ஏனம்மா இவ்வளவு கர்வம் என்று கேட்டேன். அதற்கு அவள், உங்களோடு வருவதாக இருந்தவருக்கு வேறு எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டாள்.

எந்த நாளும் வசதிப்படாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். முட்டி வலி குறையவில்லை. நீ கேட்டால் வலியே இல்லை என்பார், நம்பாதே. தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை பக்கத்து அறையில் துணி மடிக்கிறார். மடித்ததையே பிரித்து மடிக்கிறார். எனக்கு எதிரே மட்டும் உட்கார்வதில்லை. உன் செய்தியைப் பற்றிச் சொன்னதற்கு, "பையன் ஆசப்பட்டுக் கேக்கறான், குடுத்துடுங்களேன் மாப்பிள்ளை. அவ்ளோ தூரம் போயி நீங்க யாரோட உக்காந்து சாப்பிடப் போறீங்க?" என்றார். கேட்டுவிட்டு அவரே சமையலறைக்குள் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் மூடவில்லை.

நான் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். லிஃப்ட்டின் மோட்டார் அறைக்கு ஏறுகிறேன், பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிறேன், இறங்குகிறேன். கோபம் மட்டும்தான் வருகிறது. அதுவும் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று தெரியாததால்தான் உன்மேல் இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறேன். வாங்கிக்கொள்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நீ விமானம் பிடித்து வருவதற்கு அது அவகாசமே கொடுக்கவில்லை. உன்னை யாரும் குறை சொல்லவில்லை. அவளை எடுத்த அன்றைக்கு யாரோ தூக்கிப் பிடித்திருந்த போனில் உன் முகம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்ததில் உன் வாய் திறந்தபடியே நின்றுபோனது. அதற்கப்புறம் நாம் சான்றிதழ் பேசினோம், வங்கிக் கணக்கு பேசினோம், இப்போது மேஜை பேசுகிறோம். அவளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே, உன் மேனேஜருக்கு மேஜை கிடையாது. என் டிக்கெட்டை ரத்து செய்யாமல்தான் வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறேன். எதிர் நாற்காலிக்கு ஆள் கேட்கிறார்கள். நீ வா. அந்த மேனேஜரிடமே லீவு கேள். நல்ல பேர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும். என்ன பேசுவது என்று யோசிக்காதே, எனக்கும் தெரியாது. சட்டி வரும் வரை எதிரே உட்கார்ந்திரு. பசியோடு வா. இரண்டு பேர் சாப்பாட்டை என்னால் தனியாகச் சாப்பிட முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. வருகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடப்பா.

இப்படிக்கு,
உன் அத்தான்