பன்னிரண்டாயிரம் டொலர்த் துவக்கு

அன்பின் றெஜினா,

ஆண்டவர் காவலில் நான் சுகம். உமது முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நான் துவக்குகளுக்கு மரப்பிடி செதுக்கும் கடையில், முதலாளி ஒரு வேட்டைத் துவக்கை இணையத்தில் பன்னிரண்டாயிரம் டொலருக்கு விற்றார். நீல வார்னிஷ், பொன்முலாம் பூசிய மான்தலை என்று பார்க்க மணவறை போலிருந்தது. வாங்கியவர் இங்கே விட்பி நகரில் இருக்கும் நம்மவர், பெயர் ஜெனாட். போன கிழமை எடுக்க வந்தார். பிடியின் அடியை அவருடைய முழங்கை மடிப்பில் வைத்து அளந்தேன். விரல் விசைக்கு எட்டவில்லை; பிடி அவருக்கு நீளம்.

"படத்திலை வடிவாத்தானே இருந்தது, அண்ணை?"

"அப்ப படத்திலை நிக்கிற மானைச் சுடும், தம்பி. உது காட்டுக்கு உதவாது."

அவர் துவக்கை எடுக்காமல் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பு எழுதித் தந்தால்தான் வேலை என்கிறார் முதலாளி. அளந்தது பிழையென்று நான் எழுதமாட்டேன். நான்கு நாளாக எனக்கு நல்ல ஓய்வு, யோசிக்காதேயும்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் பனங்கட்டி கொடுத்துவிடும். பின்னேரம் செபமாலை சொல்லும்போது போனில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வையும். பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. மன்னிப்பு எழுத முதலாளி தந்த தாளில்தான் இதை எழுதினேன். வேறு தாள் வாங்கும் எண்ணமில்லை.

உமது,
இக்னேசியஸ்