அழித்த பென்சில் கோடுகள்

அப்பா,

இன்று மதியம் மழை விட்டதும் என் வேலைப் பையைக் கொட்டி உதறிக் காயவைத்தேன். அடியில் நாலாக மடிந்த ஒரு ஃபாரம் கிடந்தது. மேலே 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதி. பிரித்துப் பார்த்தேன், கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. வாசலில் நின்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அவை தெரிந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, மெல்லிய பள்ளமாக ஒரு டிக். பென்சிலால் போட்டு நானே ரப்பரால் அழித்தவை. எல்லாம் நீ சொன்ன பதில்கள்.

அந்தத் தாளோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து, "இன்னாடி, ஏதாச்சும் காணோமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் இந்த வேலையில் சேர்ந்ததும் இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில்தான். அறுபது வயது தாண்டியவர்களின் மனநலம் பற்றிய ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்ப வேண்டும். பயிற்சியில் எல்லாம் நன்றாகப் புரிந்தது. முன்பின் தெரியாதவர் முன்னால் உட்கார்ந்து, "உங்களுக்கு மனச்சோர்வு உண்டா?" என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் நான். முதல் நாள் போன மூன்று வீட்டிலும், கதவைத் திறந்தவர்களிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் அழுததைப் பார்த்து நீதான் சொன்னாய். "எனக்கும் அறுபத்தி மூணு ஆவுது. என்னைக் கேட்டுப் பழகிக்க."

உள்ளே போய் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாய். அம்மா சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்த மாதிரி குந்திக்கினு இருக்காரு பாரு." நான் ஃபாரத்தைப் பார்த்தபடி முதல் கேள்வியைப் படித்தேன்.

"சத்தமா கேளும்மா. பேப்பர்கிட்ட கேக்குறியா, எங்கிட்ட கேக்குறியா?"

மறுபடி கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் பசி குறைந்திருக்கிறதா? ஆமா. தூக்கம்? விடியறதுக்கு முன்ன முழிப்பு வந்துடுது. முன்பு பிடித்திருந்த காரியங்களில் ஆர்வம் குறைந்துவிட்டதா? நீ அடுத்த வீட்டுக் கோழி நம் வாசலைக் கடந்து போகும் வரைக்கும் அதையே பார்த்துவிட்டு, "ஆமான்னே போட்டுக்க" என்றாய். வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா? அதற்கும் ஆமா.

நான் டிக் போட்டுக்கொண்டே சிரித்தேன் அப்பா. "சூப்பரா நடிக்கிறப்பா. நெஜமாவே இப்படி ஒருத்தர் சொன்னா நான் பயந்துடுவேன்" என்றேன்.

"சொல்லுவாங்கம்மா. பயப்படாத" என்றாய்.

நான்கு நாள் அப்படிப் பழகினோம். தாள் ஒன்றுதான் என்பதால் முடிந்ததும் அழித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். நாலு நாளும் நீ ஒரே பதிலைத்தான் சொன்னாய். நடிப்பவர் ஒரு நாளாவது மாற்றிச் சொல்லியிருப்பார். உளவியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மனச்சோர்வு பற்றிய கேள்வி வந்தபோது நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "இப்படிக் கேட்டா நம்ம ஜனங்க எவனும் பதில் சொல்ல மாட்டான். காலையில எழுந்தா எதுக்குடா எழுந்தோம்னு இருக்குதான்னு கேளு." அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கேள்வி உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

மழைக்காலத்தில் நம் பக்கத்தில் எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாது. தை பிறந்து தண்ணீர் வற்றும் வரை உப்பளத்துக்காரனுக்கு வேலை கிடையாது. அதனால் நீ சுவரில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. தை பிறந்தது, மற்றவர்கள் கிளம்பினார்கள். நீ அதே சுவரில் சாய்ந்திருந்தாய். உன் வயதுக்கு அது ஓய்வு என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஓய்வைக் கொடுத்தவள் நான். படிப்பு முடிந்த அந்த வெயில் காலத்தில், உன் முழங்கால் வீங்கியிருந்த ஒரு நாள், "இனிமே நீ அளத்துக்குப் போகாதப்பா. நான் பாத்துக்குறேன்" என்றேன். நம் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் நான் படித்தேன் என்று அன்று நினைத்தேன். நீ சரி என்று தலையாட்டினாய். உப்பு வாரும் பலகையைக் கழுவி, கூரைக்கடியில் செருகி வைத்தாய். அதை ஏன் அவ்வளவு நேரம் கழுவினாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

மாசி மாதம் ஆய்வுப் பட்டியலில் நம் வீடும் வந்தது. சொந்த வீட்டில் நாங்களே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. என்னோடு வேலை செய்யும் ஷமீமாவை அனுப்பினார்கள். கோட்டக்குப்பத்துப் பெண். அவள் வாய் திறந்தால் ஊமையும் பேசிவிடுவான். போய் வந்து, "உங்கப்பா செம ஜாலிடீ. டீ குடிக்காம விட மாட்டேன்னுட்டாரு" என்றாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆவணியில் ஒரு நாள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா எங்களை எல்லாம் உட்காரவைத்து, ஒரு கேள்விக்குக்கூட 'ஆமா' என்று டிக் விழாத ஃபாரங்களைத் தனியாக எடுத்துக் காட்டினார். முதியவர்களுக்கான மனநல மருத்துவர் அவர், குரலே உயராது. "வயசானவங்க மனசு சரியில்லேன்னு வந்து சொல்ல மாட்டாங்க. முட்டி வலி, பசியில்ல, தூக்கமில்லம்பாங்க. நாமளும் வயசாயிடுச்சுன்னு விட்டுடுவோம். அறுபது வயசுல ஒருத்தருக்கு ஒரு குறையும் இல்லன்னா எனக்கு நம்பிக்கை வரல. இவங்களை மறுபடி போய்ப் பாருங்க" என்றார்.

ஷமீமா தன் ஃபாரக் கட்டைப் புரட்டினாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தாள். "ஏய், இதுல உங்கப்பா இருக்காருடீ. எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு போட்டுக்கம்மா, எங்க பொண்ணு ஆபீஸ் பேப்பரு, நல்ல மார்க் வரணும்னாரு. பரீட்சைன்னு நெனச்சுட்டாரு போல."

பசி, தூக்கம், ஆர்வம், பாரம் என்று நாலு நாளும் நீ சொன்ன 'ஆமா' எல்லாம் வரிசையாகக் காதில் விழுந்தன. டாக்டரிடம் சொல்லிவிட்டு அப்போதே பஸ் ஏறினேன்.

நீ சுவரில் சாய்ந்துதான் இருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷமீமாகிட்ட ஏம்ப்பா எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்ன?"

"அது ஆபீஸ் பேப்பரும்மா. அதுல போய் அழுது வெக்க முடியுமா? உன்னை இன்னா நெனைப்பாங்க?"

"அப்போ எங்கிட்ட சொன்னது?"

நீ என்னைப் பார்க்கவில்லை. காலில் வெடித்திருந்த தோலைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"நீ பென்சில்லதானே எழுதின."

அம்மா விளக்குப் போட வந்து, நம்மைப் பார்த்துவிட்டுப் போடாமலே உள்ளே போனாள்.

மறுநாள் உன்னை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதே வெள்ளைச் சட்டை. அது உன் தோளில் எவ்வளவு தொளதொளத்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் பைத்தியமாம்மா?" என்று அவரைக் கேட்டாய்.

"இல்லைங்க ஐயா. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய். மாத்திரை இருக்குது, அது வேலை செய்ய சில வாரம் ஆகும். அப்புறம், காலையில எழுந்து எங்கயாவது போகணும். எங்க போவீங்க?"

நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். பள்ளிக்கூடப் பிள்ளை வெளியே போக அனுமதி கேட்கிற மாதிரி. "இவ வேணாம்னுட்டா" என்றாய் மெதுவாக. "ஆனா அளத்துக்குப் போனா நல்லா இருக்கும்."

டாக்டர் என்னைப் பார்க்காமல் இருந்தார். அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அதன் பிறகு ஐந்து வாரம். முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு, "இது எங்கம்மா போவுது? வவுத்துக்கா, மூளைக்கா?" என்று கேட்பாய். மூன்றாவது வாரம் நெத்திலிக் குழம்பு கேட்டாய். அம்மா புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டே மீன் ஆய்ந்தாள். காலையில் வரப்பில் போய் உட்கார ஆரம்பித்தாய். வேலைக்கு இல்லை, பார்க்க. வந்ததும் ஆரம்பித்துவிடுவாய். "தண்ணிய ஜாஸ்தி விட்டுட்டான். இப்படி விட்டா உப்பு எப்படிடா பூக்கும்? ஒருத்தனுக்கும் பொறுமை இல்ல." அந்தத் திட்டலைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பாள்.

ஆறாவது வாரம், வானம் கறுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கிளம்புவதற்குத் துண்டைத் தோளில் போட்டவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாய். டீ ஆற்றிக் கொண்டுவந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். மாரடைப்பு என்றார்கள். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை அப்பா. என்னால் தாங்க முடியாதது வேறு. நீ உன் வாயால் என்னிடம் சொன்ன நாளுக்கும் நான் கேட்டுக்கொண்ட நாளுக்கும் இடையில் பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் நீ அந்தச் சுவரில் சாய்ந்திருந்தாய். மூன்றாவது வாரத்து நெத்திலிக் குழம்பு அந்தப் பொங்கலுக்கே கிடைத்திருக்கும்.

ஷமீமா பல நாள் அழுதாள். "நான் டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன்டீ" என்பாள். நான் நாலு நாளும் அந்த 'ஆமா'வைக் கேட்டுச் சிரித்தவள் என்று அவளிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

வேலையை விடவில்லை. இப்போதும் மெதுவாகத்தான் பேசுகிறேன், ஆனால் தாளைப் பார்த்துப் பேசுவதில்லை. ஃபாரத்தில் உள்ளதை எல்லாம் கேட்டு முடித்ததும் பேனாவை மூடித் தரையில் வைத்துவிட்டு, உன் கேள்வியைக் கேட்கிறேன். போன வாரம் பொம்மையார்பாளையத்தில் ஒரு மீன்காரம்மா, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அதைக் கேட்டதும் வலையைப் பிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"காலையில எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு... உனக்கு யாரும்மா சொன்னது?"

"எங்கப்பா சொன்னாருங்க."

"நல்லா இருக்காரா?"

நான் குனிந்து அவர் வலையின் ஓரத்தை விரலால் நீவிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பலகையை என் பக்கம் தள்ளி, "குந்து" என்றார். பேச ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை அவரை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

அந்தத் தாளை இப்போது மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மங்கிய கோடுகளின் மேல் பேனாவால் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். நீ பென்சிலை நம்பித்தான் என்னிடம் சொன்னாய். அது பென்சிலாகவே இருக்கட்டும்.

அழிக்க மட்டும் மாட்டேன் அப்பா.