வெறும் முதுகோடு ஒரு குதிரை

ஐப்பசி 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மலைமேல் தேவனூர் நாட்டில், வெள்ளையன் வீட்டில் தங்கல். மலைக்கு ரோடு போடப் போவதாகப் பேச்சு. அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். எழுதியது இதுவரை ஒரு பக்கம். இடது முழங்கால் வலி. அட்டைக்கடி இரண்டு.

வெள்ளையனுக்கு மூன்று மட்டக்குதிரைகள். மிளகும் வாழைத்தாரும் இறங்குவது, உப்பும் சீமெண்ணெயும் ஏறுவது எல்லாம் இவற்றின் முதுகில்தான். ஆனால் போவது இரண்டு. மூன்றாவது, செவலை, கொட்டகையிலேயே நிற்கிறது. காரணம் கேட்டேன்.

சித்திரையில் அவன் மனைவி பாப்பாயிக்குப் பிரசவ வலி. தூளி கட்டித் தூக்க ஆளில்லை; ஆண்கள் எல்லாம் சந்தைக்குப் போயிருந்தார்கள். செவலைதான் அவளை அடிவாரம் வரை சுமந்தது. அங்கிருந்து மாட்டு வண்டியில் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. இனி இந்த முதுகில் சுமை ஏற்றுவதில்லை என்று எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து செவலைக்கு ஓய்வு.

ஓய்வு எடுக்கிற முகம் இல்லை அதற்கு. கட்டிய கம்பத்தைக் கடித்துக் கடித்துப் பாதி காணோம். தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நிற்கிறது. மற்ற இரண்டும் மணிச் சத்தத்தோடு கிளம்பும்போது கனைப்பு. சத்தம் ஓய்ந்த பிறகும் கனைப்பு. விலா எலும்பு தெரிகிறது. பாப்பாயி வேகவைத்த கொள்ளைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்குத் தும்மல். நான் நினைத்தது பல்வலி. "சும்மா கெடந்தா மனுசனுக்கே பித்துப் புடிக்கும்" என்பது வெள்ளையன் கட்சி.

ஐப்பசி 4, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. போர்வை உலர்த்தினேன்.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கரீம் பாய் ஏறி வந்தார். மிளகு வியாபாரி, கீழே ஜட்கா வண்டியும் ஓட்டுகிறார். செவலையின் வாயைத் திறந்து பார்த்தார். பல்லில் ஒன்றுமில்லையாம். என் கட்சி போயிற்று. வண்டிக்கு ஆகும், ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப்போகிறேன் என்றார். வெள்ளையன் சரியென்று தலையாட்டிவிட்டான்.

பாய் இருந்தவரை பாப்பாயி அடுப்படியை விட்டு வரவில்லை. போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "வண்டி மட்டும் சுமையில்லீங்களா?"

"கண்ணு முன்னால காஞ்சு சாகறதுக்கு, காணாத எடத்துல பொழைச்சுக் கெடக்கட்டும் புள்ள" என்றான் வெள்ளையன்.

சாமைச் சோறு, அவரைக் குழம்பு.

ஐப்பசி 5, வியாழன்

கட்டுரையைத் தபாலில் சேர்க்க வெள்ளையனோடு இறங்கினேன். வாங்க வேண்டியவை: மை, டார்ச் செல், முழங்காலுக்குத் தைலம். (தைலம் மறந்துபோயிற்று.)

கால்வாசி வழியில் பின்னால் குளம்புச் சத்தம். செவலை. கழுத்தில் கடிபட்ட கயிறு தொங்குகிறது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு குதிரைகளையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றது. முன்பெல்லாம் அதுதான் முன்குதிரையாம். வெள்ளையன் விரட்டிப் பார்த்தான், கல்லை எடுத்துக் காட்டினான். போகவில்லை.

ஓடையில் பாசி படிந்த பாறை. மற்ற இரண்டும் நேற்று வரை அங்கே அடம் பிடித்தனவாம். செவலை காதை முன்னால் நீட்டி நின்றது. ஒரு காலை வைத்துப் பார்த்தது, எடுத்துக்கொண்டது. நான்கடி மேலே ஏறி, வேறு இடத்தில் கடந்தது. பின்னாலேயே இரண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும்.

மாலையில் திரும்பியபோது பாப்பாயி வாசலில். குழந்தை இடுப்பில். நேராகச் செவலையிடம் போய், முதுகு மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவினாள். மூட்டை ஏற்றியிருந்தால் மயிர் படிந்திருக்கும்.

"ஏத்துனீங்களா?"

"வெறும் முதுகு புள்ள. பெரியவரைக் கேட்டுக்க."

பெரியவர் சாட்சி சொன்னேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளங்கையை நம்பினாள்.

கொள்ளுத் தட்டு காலி. கம்பத்தின் பக்கம் தலையே போகவில்லை.

ஐப்பசி 7, சனி

மேகமூட்டம். நேற்றும் இன்றும் செவலை வரிசைக்கு முன்னால், வெறும் முதுகோடு. அனுப்பி வைத்தவள் பாப்பாயியேதான். மாலையில் முதுகைத் தடவிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. வேண்டுதலுக்குப் பங்கமில்லை என்கிறாள். வேண்டாம் என்றது சுமையை, வழியை இல்லையாம்.

ஊரில் சிரிக்கிறார்கள். எதிரே வந்தவர் ஒருவர்: "ஏனுங்க வெள்ளையா, புது மாப்பிள்ளையாட்டம் கையை வீசிக்கிட்டு முன்னால போறது யாருங்க?" வெள்ளையனுக்குச் சுருக்கென்றது. பாயிடம் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது. சுமக்காத குதிரைக்கு எத்தனை நாள் தீனி போடுவது என்று என்னிடம் கேட்டான்.

ஐப்பசி 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. குதிரைகள் கிளம்பவில்லை. செவலை மறுபடி தலையாட்டம். பல் கம்பத்தில்.

கரீம் பாய் குடையோடும் புதுக் கயிற்றோடும் வந்தார். வெள்ளையன் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். பார்த்தீர்களா, ஒரு நாள் போகாததற்கே இப்படி என்றான்.

பாப்பாயி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, செவலையை அவிழ்த்து ஓடைப் பக்கம் நடந்தாள். குதிரை முன்னால், அவள் பின்னால். மழையில் இருவரும் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு காப்பி. குழந்தை வெள்ளையன் சட்டையை நனைத்துவிட்டது.

வெகுநேரம் கழித்து வந்தார்கள். இருவரும் தொப்பலாக. செவலை நேராகக் கொள்ளில் வாய் வைத்தது.

"மழை பெய்யற நாள்ல நான் நடத்திக்கறேனுங்க. மத்த நாளு அவரு" என்றாள், பாயைப் பார்த்து.

பாய் குதிரையைப் பார்த்தார், வெள்ளையனைப் பார்த்தார். "பொறவு எனக்கென்ன வேலைங்க இங்க?" கயிற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனார். பழசைத்தான் அது கடித்துத் தின்றாயிற்றே என்றார்.

வெள்ளையன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனான். செவலையின் முதுகு மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவினான்.

"ஏம் புள்ள, நீ ஏறிக்கிட்டா போன?"